அக்காவுக்குப் பக்கத்து சீட்டு

எங்க அத்தானப் பத்திச் சொல்லணும்னா மொதல்ல ஒரு திட்டு திட்டிட்டுத்தான் ஆரம்பிப்பேன். திட்டாம சொன்னா அது அவரு கதையாவே இருக்காது. எங்க அக்காவக் கட்டின நாள்ல இருந்து எனக்கும் அவருக்கும் வாய்ச்சண்டைதான். அவரு எனக்கு வாயாடின்னு பேரு வச்சாரு. நான் அவருக்கு வளையாத இரும்புன்னு வச்சேன். ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு சிரிச்சுக்கிட்டே இருந்தவ எங்க அக்கா கமலம்.

அத்தான் பேரு சுந்தரலிங்கம். கண்டி டவுன்ல, கொழும்பு வீதியில பாத்திரக்கடை வச்சிருந்தாரு. அவங்க தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து பித்தளைச் சாமான் கொண்டாந்து வித்து, அப்படியே இங்க தங்கிட்ட மனுசன். எண்பத்தி மூணு கலவரத்துல கடைய எரிச்சிட்டாங்க. சொந்தக்காரங்க பாதிப்பேரு இந்தியாவுக்குக் கப்பலேறிட்டாங்க. இவரு மட்டும் கருகின சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சு, கடையத் திரும்பத் தொறந்துட்டு, அந்தக் கையோட எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தாரு. எரிஞ்ச கடைக்காரனுக்குப் பொண்ணக் குடுக்கிறதான்னு எங்கப்பாவுக்கு யோசனை. கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில்ல பூக்கட்டிப் பாத்தாரு. வெள்ளைப் பூ வந்துச்சு. அதுக்கப்புறம் யாரு பேச்சுக்கும் எடமில்ல, கல்யாணம் நடந்துச்சு.

கடையில அவருக்குன்னு ஒரு சட்டம் இருந்துச்சு. அலுமினியச் சட்டி ஒரு பெட்டியில வரும், மூடி இன்னொரு பெட்டியில வரும். கொழும்பு மொத்த வியாபாரி ரெண்டுக்கும் தனித்தனியா பில் போடுவாரு. அந்த வீதியில இருந்த மத்த கடைக்காரங்களும் சட்டிக்கு ஒரு வெல, மூடிக்கு ஒரு வெலன்னுதான் விப்பாங்க. அத்தான் மட்டும் சட்டி எடுத்தா மூடி சேர்த்திதான்னு குடுத்துருவாரு. ஏன் இப்படி நட்டப்படுறீங்கன்னு நானே கேட்டிருக்கேன். மூடி இல்லாத சட்டிய வச்சு எவ சோறாக்குவா, ஆக்க முடியாத சாமான அவ தலையில கட்டினா அது வியாபாரமா திருட்டான்னு என்னையே திருப்பிக் கேட்டாரு. மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்துச் சனங்க தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வந்ததும் பஸ் ஏறி நேரா அவரு கடைக்குத்தான் வருவாங்க. கடைப் பேரு பலகையில என்னமோ எழுதியிருக்கும், அவங்க வாயில அது மூடிக்கடைதான்.

அந்தச் சட்டம் நல்ல சட்டம். இப்பவும் சொல்றேன், ஞாயம் அவரு பக்கம்தான். ஞாயம் அவரு பக்கமா இருந்தும் இப்படி ஆயிப்போச்சேன்னுதான் எனக்கு வயிறு எரியுது.

அக்கா தெனமும் மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கிட்டுக் கடைக்கு நடந்து போவா. அவரு கல்லாவுக்குப் பின்னால உட்கார்ந்து சாப்பிடுவாரு. பக்கத்துல ஒரு மரக்கதிரை போட்டு அக்கா உட்காருவா. வீட்டுல மாமியா, நாத்தனார்னு கூட்டம் இருந்த காலத்துல புருசன் பொண்டாட்டி பேச முடிஞ்சது அந்த நேரம் மட்டும்தான். பேசுறதுன்னா அக்காதான் பேசுவா. அவரு உம்முன்னு கேட்டுக்கிட்டே சாப்பிடுவாரு. மாமியாவும் போய், நாத்தனாருங்களும் கட்டிக்கிட்டுப் போன பெறகும், ஒரே மக நிரோஷினி படிச்சு நர்ஸாகி லண்டனுக்குப் போன பெறகும் அந்தக் கேரியர் நடை நிக்கல.

ஒருநாள் அக்கா சாப்பாடு குடுத்துட்டு வீட்டுக்குப் போய், கொஞ்ச நேரத்துல மறுபடி கேரியரோட வந்துட்டா. அத்தான் மறுபடி கையக் கழுவிட்டு வந்தாரு. ரெண்டாவது தடவையும் உட்கார்ந்து முழுக்கச் சாப்பிட்டாரு. அது அடிக்கடி நடக்க ஆரம்பிச்சுது. யாருகிட்டயும் சொல்லாம ரெண்டு சாப்பாடு சாப்பிட்டு வயித்தத் தடவிக்கிட்டுத் திரிஞ்சிருக்காரு மனுசன். என்கிட்ட வந்து நின்னது, அக்கா கடைக்குப் போற வழியில பஸ்ஸ மாத்தி ஏறி பல்லேகலயில கிரிக்கெட் மைதானத்துக்கு வெளிய நின்னு அழுத அன்னிக்குத்தான். பேராதனை ஆஸ்பத்திரியில காட்டினோம். ஞாபகம் கொஞ்சங் கொஞ்சமா கழண்டு போற நோவுன்னு சொன்னாங்க. மருந்து குடுத்தாங்க. வேகத்தக் கொறைக்கலாம், நிப்பாட்ட ஏலாதுன்னாங்க.

அதுக்கப்புறம் அத்தான் அவளத் தனியா விடவே இல்ல. காலையில கையப் புடிச்சுக் கடைக்குக் கூட்டிட்டுப் போவாரு, சாயங்காலம் கூட்டிட்டு வருவாரு. அவ அதே கதிரையில உட்கார்ந்திருப்பா. அவரு கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா போதும், ராணி மாதிரி சிரிச்சுக்கிட்டு வர்றவங்களையெல்லாம் வாங்க வாங்கன்னுவா. அவரு சாமான் எடுக்க உள்ள அறைக்குப் போனா மட்டும் மொகம் மாறிரும். என்னங்கன்னு கூப்பிடுவா. இந்தா இருக்கேன் கமலம்னு அவரு உள்ள இருந்தே கொரல் குடுக்கணும். கொரல் கேட்டாலும் பத்தாது, தலையும் தெரியணும். எங்க தலைமொறைப் பொம்பளைங்க புருசன் பேரு சொல்ல மாட்டோம். நோவு வந்து ஒவ்வொண்ணா மறந்தப்பவும் அக்கா அத மட்டும் மறக்கல. என்னங்க, இல்லாட்டி நிரோஷினி அப்பா. அவ்வளவுதான் அவ வாயில வரும்.

நிரோஷினிக்குக் கல்யாணமாகி ரொம்பக் காலம் புள்ள இல்லாம இருந்து, ஒருவழியா ஒரு பொம்பளப்புள்ள பொறந்துச்சு. அம்மாவுக்கு என்னைத் தெரியிற காலத்துலயே புள்ளைய அவ மடியில போடணும்னு போன்ல அழுதா. கைக்குழந்தையோட அவ வர்றதுக்கு வழியில்ல. பேராதனை டொக்டர்கிட்ட அத்தான் கேட்டாரு. இப்பப் போகலாம், அடுத்த வருசத்துக்கு என்னால உறுதி சொல்ல ஏலாதுன்னாரு அவரு. புது எடத்துல மட்டும் இவங்க பயப்படுவாங்க, நீங்க கண்ண விட்டு மறையாதீங்கன்னும் சொன்னாரு. நானும் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். ரெண்டு காதாலயும் கேட்டேன்.

பக்கத்துல அந்நியர் ஒரசினாலே அக்கா கத்திருவா. நெருக்கடியான சீட்டுல அவ்வளவு தூரம் போக முடியாது. அதனால அத்தான் என்ன செஞ்சாரு தெரியுமா? தாத்தா காலத்துப் பித்தளை அண்டா, குத்துவெளக்கு எல்லாத்தையும் கொழும்பு ஆளுக்கு மொத்தமா வித்துட்டு, ரெண்டு பேருக்கும் பிஸ்னஸ் கிளாஸ் டிக்கட் எடுக்கப் போனாரு. த்ரீவீலுக்குக் காசு குடுக்க மனசு வராம மழையில நடக்கிற மனுசன். கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. அவ காலை நீட்டிப் படுத்துக்கிட்டுப் போகட்டும் சின்னவளேன்னாரு.

டிக்கட் போட்டுக் குடுத்தது ருஷ்தி. மணிக்கூண்டுப் பக்கம் டிராவல்ஸ் வச்சிருக்கிற பொடியன், அவங்க வாப்பாவும் அத்தானும் பழைய சிநேகம். நானும் கூடப் போயிருந்தேன். அவன் கொம்ப்யூட்டர்ல பாத்துட்டு, பிஸ்னஸ் கிளாஸ்ல இதுதான் ஆகக் கொறஞ்ச டிக்கட், ஆனா எந்த சீட்டுன்னு முன்கூட்டியே எடுக்கணும்னா அதுக்கு வேற காசு கட்டணும்னான். அத்தானுக்கு வெளங்கல. சீட்டுக்குத்தானே இவ்வளவு காசு குடுக்கிறேன்னாரு. ருஷ்தி பொறுமையாச் சொன்னான்.

"அங்கிள், டிக்கட்டுக்கு ஒரு சீட் நிச்சயம். ஆனா அது எந்த சீட்ன்னு அவங்கட விருப்பம். பெமிலியாப் போற நீங்க இப்பவே பக்கத்துப் பக்கத்துல எடுத்து வெச்சிருங்க. கடைசி நேரத்துல ஒண்டும் மிஞ்சாது."

அத்தானுக்கு மூக்கு செவந்துருச்சு. புருசன் பொண்டாட்டி பக்கத்துல உட்கார்றதுக்கு ஒரு காசான்னாரு. சட்டிய வித்துட்டு மூடிக்குத் தனியாக் கேக்கிற புத்திதான இதுன்னாரு. கேட்ட காசு பெரிய காசு இல்ல. டிக்கட் வெலையோட பாத்தா கறிக்குப் போடுற உப்பு. ருஷ்தி பாவம், நான் என் கையால கட்டுறேன் அங்கிள்னு சொல்லிப்புட்டான். அதுல இன்னும் கோவம். காசு இல்லாமயா பேசுறேன், அநியாயத்துக்குக் குடுக்க மாட்டேன்னுதான் சொல்றேன்னு எழும்பிட்டாரு.

வெளிய வந்து வீதியிலயே நான் புடிச்சுக்கிட்டேன். ஆனைய வாங்கிட்டு அங்குசத்துக்கு வழக்காடுறீங்களேன்னு கேட்டேன். டொக்டர் சொன்னத ஞாபகப்படுத்தினேன். கிழவன் கிழவிய எந்த மடையன் பிரிச்சு உட்கார வைப்பான், நீ சும்மா வா வாயாடின்னு சொல்லிட்டு முன்னால நடந்தாரு. நிரோஷினியும் லண்டன்ல இருந்து கேட்டா. அவ கெட்டிக்காரி, அங்கருந்தே காசு கட்டி எடுத்திருப்பா. இவரு என்ன சொன்னாரு? அதெல்லாம் பாத்துக்கிட்டாச்சும்மான்னுட்டாரு. பொய் சொல்ற மனுசன் இல்ல. அந்தக் கோவத்துல அன்னிக்குச் சொன்னாரு.

போற அன்னிக்குக் கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு நானும் வேன்ல போனேன். அக்காவுக்கு நீலச் சீல கட்டி, மேல சுவெட்டர் போட்டு, தலையில பூ வச்சு விட்டேன். எங்க போறோம்னு கேட்டுக்கிட்டே இருந்தா, நிரோஷினியப் பாக்கன்னு சொன்னா ஒவ்வொரு தடவையும் புதுசா சந்தோசப்பட்டா. உள்ள போன பெறகு அத்தான் எனக்குப் போன் எடுத்தாரு. மொதப் பிளேன்ல ரெண்டு பேருக்கும் ஒண்ணா எடம் குடுத்துட்டாங்க, சல்லிக் காசு கட்டலன்னாரு. என்ன வாயாடி, பாத்தியான்னு கேட்டுச் சிரிச்சாரு. நானும் பிள்ளையாரேன்னு நிம்மதியா வேன்ல ஏறிட்டேன். அந்த மனுசன் சிரிச்சு நான் கேட்டது அதுதான் கடைசி.

நடுவுல ஒரு நாட்டுல எறங்கி வேற பிளேன் மாறணும். நீளப் பயணம் அங்கருந்துதான். அந்தப் பிளேனுக்கு அங்க வச்சுக் குடுத்த அட்டையில அவருக்கு முன்னால ஓரத்துல ஒரு சீட்டு, அக்காவுக்குப் பின்னால மறுபக்கத்து ஓரத்துல ஒரு சீட்டு. வாசல்ல நின்ன பிள்ளைகிட்ட அத்தான் தனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல மன்றாடியிருக்காரு. சோடி சீட்டு எல்லாத்தையும் ஆளுங்க முன்னாலயே காசு கட்டி எடுத்துட்டாங்களாம். இப்பக் கட்டுறேன், எவ்வளவு வேணும்னாலும் கட்டுறேன்னு பர்ஸ நீட்டியிருக்காரு. விக்கிறதுக்கு ஒண்ணும் இல்லையே ஐயான்னு அந்தப் பிள்ளை சொல்லிருச்சு. உள்ள போய்க் கேட்டுப் பாருங்கன்னும் சொல்லிருக்கு.

உள்ள போய்ப் பாத்தா, ஒவ்வொரு சீட்டும் ஒவ்வொரு பெட்டியாம். சுத்திவர நெஞ்சளவுக்குச் சுவரு, உட்கார்ந்தா பக்கத்துல யாரு இருக்கான்னே தெரியாது. காசுள்ளவங்க ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்காம இருக்கத்தான் அவ்வளவு காசு கட்டுறாங்கபோல. சாதாரண சீட்டுல போயிருந்தாலாவது தலை தெரிஞ்சிருக்கும். நடுவுல சோடியா இருந்த சீட்டுல ஒரு இளம் சோடி. எயார் ஹோஸ்டஸ் பிள்ளை ஒண்ணு அவங்ககிட்டப் போய் மாறிக்கிறீங்களான்னு கேட்டிருக்கு. அந்தப் பையன் மரியாதையாத்தான் சொன்னானாம், நாங்க சேர்ந்து இருக்கணும்னே காசு கட்டி எடுத்தது, மன்னிச்சுக்கங்கன்னு. அத்தான் அதுக்கு மேல கேக்கல. ஒருத்தன் காசு குடுத்து வாங்கின சாமானத் திருப்பிக் குடுன்னு கேக்க வியாபாரிக்கு வாய் வருமா?

பிளேன் கெளம்பி மேல போன பெறகு, அந்த எயார் ஹோஸ்டஸ் பிள்ளைங்க எரக்கப்பட்டு அவர அக்கா பக்கத்துல நிக்க விட்டிருக்காங்க. அக்கா கால் வைக்கிற பலகையோட நுனியில உட்கார்ந்து சோறு ஊட்டி விட்டிருக்காரு. சாப்பிட்ட பெறகு சீட்ட நீட்டிப் படுக்க வச்சிருக்காங்க. அவ அவரு விரலப் புடிச்சுக்கிட்டே தூங்கியிருக்கா. பட்டப்பகல்லயே ஜன்னல எல்லாம் மூடி இருட்டாக்கிருவாங்களாம். அந்த நேரம் பிளேன் ஆட ஆரம்பிச்சிருக்கு. எல்லாரும் அவங்கவங்க சீட்டுல பெல்ட் போட்டு உட்காரணும்னு அறிவிச்சிருக்காங்க. அத்தான் மெதுவா விரல உருவிக்கிட்டு முன்னால போய் உட்கார்ந்தாரு. வேற என்ன செய்ய?

அக்கா முழிச்சிருக்கா. இருட்டு, ஆட்டம், சுத்திச் சுவரு. என்னங்கன்னு கூப்பிட்டிருக்கா. அவருக்குக் கேட்டுச்சு. இந்தா இருக்கேன் கமலம்னு கத்தியிருக்காரு. எஞ்சின் சத்தத்துல அவளுக்குக் கேட்டுச்சோ இல்லையோ, தலை தெரியல. என்னங்க, என்னங்கன்னு அவ கொரல் ஒசந்துக்கிட்டே போயிருக்கு. இவரு பெல்ட்டக் கழட்டிட்டு எழும்பினாரு. பிளேன் தூக்கிப்போட்டதுல விழுந்து முழங்கை அடிபட்டுப் போச்சு. அங்க வேல செய்ற ஆம்பள ஒருத்தர் வந்து இவரத் தோளப் புடிச்சு அமுக்கி உட்கார வச்சு பெல்ட்டப் பூட்டிட்டாரு. விதி அப்படி, அவரு மேலயும் குத்தமில்ல. இவரு உட்கார்ந்த எடத்துல இருந்தே கத்திக்கிட்டு இருந்திருக்காரு. அப்புறம் அக்கா கொரல் நின்னுபோச்சு. அவ கூப்பிட்டதக்கூடத் தாங்கிக்கிட்டேன், நிறுத்தினதத்தான் தாங்க ஏலல சின்னவளேன்னாரு என்கிட்ட.

ஆட்டம் நின்னு, எழும்பலாம்னதும் ஓடியிருக்காரு. அக்கா எழும்பி உட்கார்ந்திருந்தா. சென்னைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை, ஒரு எயார் ஹோஸ்டஸ், பக்கத்துல முட்டி போட்டு உட்கார்ந்து உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா, நான் கூட்டிட்டு வர்றேன்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கு. அக்கா தலையக் குனிஞ்சுக்கிட்டு, நிரோஷினி அப்பான்னு சொல்லியிருக்கா. இந்தா வந்துட்டாரேம்மான்னு அந்தப் பிள்ளை அத்தானக் காட்டியிருக்கு.

அக்கா அவர ஏற எறங்கப் பாத்தாளாம்.

"இவரு இல்ல," ன்னாளாம். "அவரு என்னைய விட்டுட்டுப் போயிட்டாரு."

லண்டன் எயார்போட்டுல நிரோஷினியக் கண்டதும் அக்கா கட்டிப் புடிச்சுக்கிட்டா. புள்ளைய மடியில வாங்கிக்கிட்டா. அதுல கொறையில்ல, போன காரியம் நடந்துச்சு. அந்தச் சின்னதுக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டினாளாம், கை மறக்கலையாம். ஆனா புருசன் மட்டும் வந்து சேரல. அந்தப் பெரியவருக்குத் தேத்தண்ணி குடுத்தியான்னு மககிட்ட கேப்பாளாம், அத்தானக் காட்டி. ஒங்க அப்பா எங்கடி, இன்னுமா வரலன்னு ஜன்னல் பக்கம் போய் நிப்பாளாம். இவரு முன்னால வந்து நான்தான் கமலம்னா, பயந்து மக பின்னால ஒளிஞ்சுக்குவாளாம். பயப்படுறான்னதும் இவரு அப்படிச் சொல்றத விட்டுட்டாரு. வருவாரு வருவாருன்னு அவரே சொல்லப் பழகிக்கிட்டாரு.

சீட்டு எடுத்தாச்சுன்னு சொன்னீங்களேப்பான்னு நிரோஷினி ஒரே ஒரு தடவ கேட்டாளாம். அங்க இருக்கிற டொக்டரும் பாத்தாரு. இந்த நோவுல இப்படி ஒருநாள் வர்றதுதான், பயணத்துல பயந்ததால சீக்கிரமா வந்துச்சான்னு சொல்ல முடியாதுன்னாரு. அந்த 'சொல்ல முடியாது' போதும் அத்தானுக்கு, மிச்ச ஆயுசுக்கும் வச்சு அரைச்சுக்கிட்டே இருக்க. டொக்டர் சொன்னத நான் நம்புறேன். எப்பிடியும் வந்திருக்கும். ஆனா இன்னும் ஒரு வருசமோ, ஆறு மாசமோ அவ அந்தக் கதிரையில உட்கார்ந்து என்னங்கன்னு கூப்பிட்டிருப்பாளோன்னு நெனைக்கிறப்போ, எனக்கே தூக்கம் போயிருது. அவருக்கு எப்படி இருக்கும்?

திரும்பி வர்ற அன்னிக்கு நான் மறுபடி கட்டுநாயக்காவுக்குப் போனேன். சக்கர நாற்காலியில வச்சு அக்காவத் தள்ளிக்கிட்டு வந்தாங்க. பின்னால பெட்டிங்களோட அத்தான். மனுசன் பாதியாப் போயிருந்தாரு. அக்காவுக்கு என்னைய அடையாளம் தெரிஞ்சுது. சின்னவளேன்னு கையப் புடிச்சுக்கிட்டு, அத்தான் உன்கூட வரலியான்னு கேட்டா. நான் அவரு மொகத்தப் பாக்கல. பாக்க ஏலாம வேன் கதவத் தொறக்கப் போயிட்டேன்.

வழியெல்லாம் திட்டணும்னுதான் வந்திருந்தேன். என்னவெல்லாம் கேக்கணும்னு மனசுக்குள்ள அடுக்கி வச்சிருந்தேன். எல்லாத்தையும் விட்டுட்டு, அக்கா தலைய என் தோள்ல சாய்ச்சுக்கிட்டு வந்தேன். கேகாலையில டீ குடிக்க வேன நிப்பாட்டினோம். அக்கா உள்ள தூங்கிட்டா. நானும் அவரும் கடைக்கு வெளிய நின்னோம். அப்பத்தான் போன பயணத்தப் பத்தி இவ்வளவும் சொன்னாரு. அவ்வளவு நேரம் அவரு தொடர்ந்து பேசி நான் கேட்டதே இல்ல. சொல்லி முடிச்சுட்டு, நீ அன்னிக்கு வீதியில வச்சு சொன்னப்ப கேட்டிருக்கணும்னாரு. வாயாடின்னு கூடச் சொல்லல. வரும்போதாவது சேர்ந்து வந்தீங்களான்னு கேட்டேன்.

வரும்போது சீட்டு எடுத்தாச்சுன்னாரு. டிக்கட் நாளக் குறிச்ச அன்னிக்கே நிரோஷினிகிட்டச் சொல்லி, கேட்ட காசக் கட்டி, நடுவுல இருக்கிற சோடி சீட்டு வாங்கிட்டாராம். ஏறினதும் அவரே அக்கா கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய் உட்கார வச்சிருக்காரு. ரெண்டு சீட்டுக்கும் நடுவுல இருந்த மறைப்ப எறக்கி விட்டிருக்காரு. போர்வையப் போத்தி, கால நீட்டி விட்டு, அப்புறம் பக்கத்து சீட்டுல தான் உட்கார்ந்திருக்காரு. அக்கா திரும்பிப் பாத்தாளாம். பயமோ கோவமோ ஒண்ணும் இல்லையாம். கடைக்கு வர்ற சனங்ககிட்டப் பேசுற மாதிரி அவ்வளவு மரியாதையாப் பேசினாளாம்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. இது எங்க வீட்டுக்காரருக்கு வச்சிருக்கிற எடம். போன தடவ எடம் கெடைக்காமத்தான் அவரு எறங்கிப் போயிட்டாரு. நீங்க வேற எடம் பாத்துக்கிறீங்களா?"

அத்தான் சரிம்மான்னு எழும்பிட்டாரு. எயார் ஹோஸ்டஸ் பிள்ளைகிட்ட கேட்டு, பின்னால காலியா இருந்த ஒரு ஒத்த சீட்டுல போய் உட்கார்ந்துக்கிட்டாரு. அக்கா தன்னோட கைப்பைய எடுத்து பக்கத்து சீட்டுல வச்சா. யாராவது அந்தப் பக்கமா நடந்தா, இங்க ஆள் வர்றாருன்னு சொல்லிச் சொல்லி, நடுவுல பிளேன் மாறின பெறகும் விடாம, கட்டுநாயக்கா வரைக்கும் அத காலியாவே வச்சுக்கிட்டு வந்தா.